வண்டி ஏன் இழுக்கவில்லை?

உங்கள் வீட்டில் பழைய வண்டி இருக்கிறதா? பழைய வண்டியை வைத்துப் பிழைக்கும் உறவினர் யாராவது இருக்கிறார்களா?

பழைய வண்டி ஒரு நாள் உதறும். மேட்டில் ஏறாது. மெக்கானிக்கிடம் விடுவோம். "இந்தச் சாமானை மாற்றணும்" என்பார். மாற்றுவோம். சரியாகாது. "அப்படியானால் அதை மாற்றணும்" என்பார். அதையும் மாற்றுவோம். பணம் போகும். வண்டி மட்டும் அப்படியே இருக்கும்.

எங்கள் மாமாவுக்கும் இப்படித்தான் நடந்தது. அந்தக் கதையை முதலில் படிப்போம்.

மாமாவின் வேன்

எங்கள் மாமா சித்தூரில் இருக்கிறார். கல்யாணச் சமையல் அவர் தொழில். அண்டா, குண்டான், கரண்டி, அடுப்பு எல்லாம் ஒரு பழைய வேனில் ஏறும். அத்தையும் உதவிக்கு ஒருவரும் அதில்தான் போவார்கள். வேனுக்கு வயது இருபத்தைந்துக்கு மேல். பெட்ரோல் வண்டி. கார்புரேட்டர் வைத்தது. மூன்று சிலிண்டர்.

தை மாதம் திருச்சானூரில் ஒரு கல்யாணம். மதியச் சாப்பாடு மாமா பொறுப்பு. சித்தூரிலிருந்து திருப்பதி ஏறக்குறைய 70 கிலோமீட்டர். திருச்சானூர் அதற்குப் பக்கம். விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினார்கள். நல்ல பனி.

கிளம்பும்போதே வேன் உதறியது. பாகாலா தாண்டி ஒரு மேடு வந்தது. வேன் திணறியது. இரண்டாவது கியர் போட்டார். முதல் கியர் போட்டார். ஏறவில்லை. கடைசியில் ஒரு டெம்போவை நிறுத்தி, அண்டாக்களை மாற்றி ஏற்றினார்கள். டெம்போ வாடகை 2,500 ரூபாய். பந்தி ஒரு மணி நேரம் தாமதம். பெண் வீட்டார் பேசிய கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். அதே வீட்டில் வரவிருந்த சீமந்த வேலையும் கைவிட்டுப் போனது.

மாமா வேனை ஒரு மெக்கானிக் கடையில் விட்டார். கார்புரேட்டரை மாற்றினார்கள். 4,500 ரூபாய். மதியம் ஓட்டிப் பார்த்தார். நன்றாக ஓடியது. மறுநாள் காலை பழைய கதைதான். பிறகு காயிலை மாற்றினார்கள். 1,300 ரூபாய். அன்று மதியமும் நன்றாக ஓடியது. மறுநாள் காலை மறுபடியும் உதறல்.

"இதை இரும்புக் கடையில் போட்டுவிடலாம்" என்றார் மாமா.

அத்தை எதுவும் பேசவில்லை. வேன் போனால் தொழிலும் போகும் என்று அவருக்குத் தெரியும்.

அத்தையின் நோட்டு

அத்தை எங்கள் மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். நான் அவரிடம் சொன்னேன்:

"டாக்டரிடம் போனால் என்ன கேட்கிறார்? ஜுரம் காலையில் வருகிறதா, ராத்திரி வருகிறதா என்று கேட்கிறார். வண்டிக்கும் அதேதான் அத்தை. எப்போது உதறுகிறது என்று எழுதி வையுங்கள்."

மாமா சிரித்தார். "நோட்டு வந்து வண்டியைத் தள்ளுமா?" என்று கேட்டார்.

"நீங்க ஓட்டுங்க. நான் எழுதறேன்" என்றார் அத்தை.

அத்தை எழுதியது இதுதான்:

திங்கள். காலை 5 மணி. பனி. உதறியது.
செவ்வாய். மதியம் 2 மணி. வெயில். சுமை இல்லை. நன்றாக ஓடியது.
புதன். காலை 5 மணி. பனி. உதறியது.
வியாழன். மதியம் 1 மணி. வெயில். சுமை உண்டு. சமரோட்டில் சரி. மேட்டில் உதறியது.

நாலே வரி. இந்த நாலு வரியில்தான் விடை இருந்தது. அது எப்படி? அதற்கு முன் இன்ஜின் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்வோம்.

இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது?

சிலிண்டர் என்பது ஒரு குழாய். அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும். அங்கே நாலு வேலை நடக்கும்.

ஒன்று, காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கும்.
இரண்டு, அதை நன்றாக அழுத்தும்.
மூன்று, பிளக் பொறி விடும். கலவை எரியும். பிஸ்டனைக் கீழே தள்ளும்.
நாலு, புகையை வெளியே தள்ளும்.

நிக்கோலஸ் ஆட்டோ என்பவர் ஜெர்மனியில் 1876-இல் இந்த முறையில் ஓடும் இன்ஜினைச் செய்தார். இன்றும் பெட்ரோல் வண்டிகள் இதே முறையில்தான் ஓடுகின்றன.

மூன்றாவது வேலைதான் வண்டிக்குப் பலம் தருகிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு விநாடிக்கு 25 தடவை பொறி வர வேண்டும். மூன்று சிலிண்டருக்கும் சேர்த்து 75 தடவை.

மூன்று பேர் சேர்ந்து ஒரு பெரிய அண்டாவைத் தூக்குகிறார்கள். ஒருவர் கையை விட்டால் என்ன ஆகும்? அண்டா ஆடும். மற்ற இருவரும் திணறுவார்கள். வண்டியும் அப்படித்தான். ஒரு சிலிண்டர் எரியவில்லை என்றால் இன்ஜின் உதறும். இழுவை குறையும். இதைத்தான் மெக்கானிக்குகள் "மிஸ் அடிக்கிறது" என்கிறார்கள்.

சிலிண்டர் ஏன் எரியாது?

அடுப்பு ஏன் எரியாது? அதே காரணங்கள்தான். சிலிண்டர் எரிய மூன்று வேண்டும்.

முதலாவது, பொறி. சரியான நேரத்தில், பலமான பொறி வர வேண்டும். பேட்டரி, காயில், பாயிண்ட், டிஸ்ட்ரிபியூட்டர், பிளக் வயர், பிளக் ஆகியவை இதற்கு வேலை செய்கின்றன.

இரண்டாவது, கலவை. பெட்ரோலும் காற்றும் அளவோடு சேர வேண்டும். டேங்க், பெட்ரோல் பில்டர், பம்பு, கார்புரேட்டர், ஏர் பில்டர் ஆகியவை இதற்கு வேலை செய்கின்றன.

மூன்றாவது, அழுத்தம். கலவை ஒழுகாமல் அழுந்த வேண்டும். பிஸ்டன் ரிங், வால்வு, கேஸ்கட் ஆகியவை சரியாக இருக்க வேண்டும்.

இந்த மூன்றில் எது இல்லை என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதன் பிறகுதான் சாமான் வாங்க வேண்டும்.

பெரியவர் செய்த சோதனை

திருப்பதி போகும் சாலையில் ஒரு வயதான மெக்கானிக் இருக்கிறார். புளியமரத்தடியில் கடை. மாமா வேனை அங்கே கொண்டுபோனார். அத்தையும் நானும் கூடப் போனோம்.

பெரியவர் தெலுங்குக்காரர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. அதனால் அத்தை நோட்டைப் படித்துச் சொன்னார். பெரியவர் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"மஞ்சு இருந்த நாளிலா அதிகம்?" என்றார். தெலுங்கில் மஞ்சு என்றால் பனி.

"ஆமாங்க. பனியில அதிகம். வெயில்ல சுமை இருந்தா மட்டும்" என்றார் அத்தை.

"ஈரத்தில் கெடுகிறது என்றால் கரெண்டு பக்கம் பார்க்கணும். பார்ப்போம்" என்றார் பெரியவர்.

முதலில் மூன்று பிளக் வயர்களிலும் காகிதத் துண்டு ஒட்டச் சொன்னார். அத்தை அவற்றில் 1, 2, 3 என்று எழுதினார். பெரியவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எண்கள் தெரியுமே! வயர்களை இடம் மாற்றி மாட்டிவிட்டால் அதனாலேயே வண்டி மிஸ் அடிக்கும். அதனால்தான் இந்த எண்கள்.

பிறகு இன்ஜினை ஓட விட்டார். ரப்பர் பிடி போட்ட குறட்டால் முதல் வயரைக் கழற்றினார். இன்ஜின் சத்தம் இறங்கியது. மாட்டினார். மூன்றாவது வயரைக் கழற்றினார். அப்போதும் சத்தம் இறங்கியது. மாட்டினார். இரண்டாவது வயரைக் கழற்றினார். சத்தம் மாறவே இல்லை.

இதற்கு என்ன பொருள்? ஒன்றும் மூன்றும் வேலை செய்கின்றன. அதனால் அவற்றை நிறுத்தினால் இன்ஜின் தளர்கிறது. இரண்டு ஏற்கெனவே வேலை செய்யவில்லை. அதை நிறுத்தினாலும் வித்தியாசம் இல்லை.

இன்ஜினை நிறுத்தி, இரண்டாவது பிளக்கைக் கழற்றினார். அது ஈரமாக இருந்தது. பெட்ரோல் வாசனை அடித்தது.

"பெட்ரோல் வருகிறது. எரியத்தான் இல்லை. அப்புறம் கார்புரேட்டர் என்ன தப்பு செய்தது?" என்று கேட்டார்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"காயில் மூன்று சிலிண்டருக்கும் பொது. அது கெட்டால் மூன்றுமே கெடும். ஒன்று மட்டும் கெட்டிருக்கிறது. அதனால் காயிலும் இல்லை."

பிறகு முதல் பிளக்கை இரண்டாவது இடத்தில் மாட்டினார். இரண்டாவதை முதல் இடத்தில் மாட்டினார். அப்போதும் இரண்டாவது சிலிண்டர்தான் எரியவில்லை. அப்படியானால் பிளக் நல்லது. அதேபோல வயர்களை மாற்றிப் பார்த்தார். அப்போதும் இரண்டுதான். வயரும் நல்லது.

மிச்சம் இருப்பது டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. கழற்றித் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே இரண்டாவது முனைக்குப் பக்கத்தில் தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு. அது ஒரு விரிசல். பிளக்குக்குப் போக வேண்டிய கரெண்டு அந்த விரிசல் வழியே இன்ஜின் இரும்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

இப்போது அத்தையின் நோட்டைத் திரும்பப் பாருங்கள். பனியில் விரிசல் ஈரமாகும். ஈரத்தில் கரெண்டு எளிதாக ஒழுகும். வெயிலில் விரிசல் காயும். அதனால் மதியம் சரியாக ஓடும். மேட்டில் சுமையோடு ஏறும்போது ஆக்சிலேட்டரை அழுத்துகிறோம். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக்கில் பொறி தாண்டுவது கடினம். அப்போது கரெண்டு மறுபடியும் விரிசல் வழியைத் தேடிப் போகிறது.

புது மூடியின் விலை 450 ரூபாய். வீணாகப் போனது 5,800 ரூபாய். முதல் கடைக்காரரும் மதியத்தில்தான் ஓட்டிப் பார்த்தார். காலையில் என்ன நடக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

பிளக் சொல்லும் சேதி

பிளக்கைக் கழற்றினால் அதன் நுனி நிறத்தைப் பாருங்கள்.

இளம் பழுப்பு, நல்ல வெல்லத்தின் நிறம்: இன்ஜின் சரியாக எரிகிறது.
கறுப்பாக, காய்ந்த கரி: பெட்ரோல் அதிகம். ஏர் பில்டர் அடைத்திருக்கலாம். சோக் திறக்காமல் இருக்கலாம்.
கறுப்பாக, எண்ணெய்ப் பசை: இன்ஜின் ஆயில் உள்ளே வருகிறது. ரிங் அல்லது வால்வுப் பக்கம் தேய்ந்திருக்கலாம்.
வெள்ளை: பெட்ரோல் குறைவு, அல்லது அதிகச் சூடு.
ஈரம், பெட்ரோல் வாசனை: பொறி வரவில்லை.

வேறு அடையாளங்கள்

சூடானதும் மிஸ் அடிக்கிறது, ஆறினால் சரியாகிறது என்றால் காயிலையும் கண்டென்சரையும் பாருங்கள்.

கொஞ்ச தூரம் நன்றாக ஓடி, வேகம் கூட்டினால் திணறுகிறதா? சற்று நிறுத்தினால் மறுபடி கிளம்புகிறதா? பெட்ரோல் போதவில்லை. பெட்ரோல் பில்டர், பம்பு, டேங்கின் அடியில் சேர்ந்த துரு ஆகியவற்றைப் பாருங்கள். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் இப்படி ஆகும். மூடியைத் திறக்கும்போது "புஸ்" என்று காற்று உள்ளே போனால் அதுதான் காரணம்.

கறும்புகை வருகிறது, பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்றால் முதலில் ஏர் பில்டரைப் பாருங்கள். மண் ரோட்டில் ஓடும் வண்டியில் அது சீக்கிரம் அடைக்கும்.

இன்ஜின் உதறவில்லை, சத்தம் மட்டும் கூடுகிறது, வண்டி போகவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. ஓடி நின்றதும் ஒரு சக்கரம் மட்டும் அதிகச் சூடாக இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டும் இன்ஜின் கோளாறு அல்ல.

பொறியும் கலவையும் சரி, ஆனாலும் ஒரு சிலிண்டர் எரியவில்லை என்றால் அழுத்தம் பார்க்க வேண்டும். அதற்கு மெக்கானிக்கிடம் ஒரு மீட்டர் உண்டு. அழுத்தம் குறைவாக இருந்தால் பிளக் துளை வழியே கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார். அழுத்தம் கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது. கூடாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். இது பெரிய செலவு. அதனால் இன்ஜினைப் பிரிக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

மலைச்சாலையில் கவனம்

நம் பக்கம் மலைச்சாலைகள் உண்டு. பலமனேர் வழியில் மொகிலி காட். பீலேர் வழியில் பாகராபேட்டை காட். திருமலைக்கு இரண்டு மலைச்சாலைகள். முதல் சாலை 1944-இல் திறக்கப்பட்டது. இப்போது அது இறங்குவதற்கு. மற்றொன்று ஏறுவதற்கு.

மிஸ் அடிக்கும் வண்டியை மலைக்கு ஏற்றாதீர்கள். நடு மேட்டில் நின்றால் வண்டி பின்னால் உருளும். அப்படி நின்றுவிட்டால் கை பிரேக் போடுங்கள். ஆட்களை இறக்கி ஓரமாக நிற்கச் சொல்லுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் பெரிய கல் வையுங்கள். கிளம்பும்போது கல்லை ஓரமாக எடுத்துப் போடுங்கள். ரோட்டில் விட்ட கல் அடுத்த வண்டிக்கு எமன்.

மிஸ் அடிக்கும் வண்டி எரியாத பெட்ரோலைப் புகையோடு வெளியே விடும். புகைச் சோதனையில் தேறாது.

ஆபத்து! நினைவில் வையுங்கள்

பிளக் வயரில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும். ஓடும் இன்ஜினில் வயரைத் தொடாதீர்கள். அந்தச் சோதனையை மெக்கானிக் செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேளுங்கள்.

முந்தானை, துண்டு, பின்னல் ஆகியவை விசிறியில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது.

புதிய வண்டிகளில் கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை. அவற்றில் வயரைக் கழற்றிப் பார்க்கும் சோதனை வேண்டாம். இன்ஜின் விளக்கு எரிந்தால் கருவி வைத்துப் பார்க்கும் கடைக்குப் போங்கள். ஆனால் எப்போது உதறுகிறது என்று எழுதி வைப்பது அந்த வண்டிக்கும் உதவும்.

இப்போது அந்த நோட்டு வேனிலேயே இருக்கிறது. ஆயில் மாற்றிய தேதி, பிளக் மாற்றிய தேதி, செலவு எல்லாம் அதில் உண்டு. அத்தை வராத நாளில் மாமாவே எழுதுகிறார். எழுத்து கோணலாக இருக்கும். ஆனால் தேதி சரியாக இருக்கும். மாசி மாதம் இரண்டு கல்யாணங்களுக்கு வேன் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பேசிப் பாருங்கள்

1. கார்புரேட்டர் கெடவில்லை என்று பெரியவர் எதை வைத்துச் சொன்னார்?
2. காயில் கெட்டிருந்தால் வேன் எப்படி ஓடியிருக்கும்?
3. மதியம் மட்டும் ஓட்டிப் பார்த்ததால் மாமாவுக்கு என்ன நஷ்டம்?
4. உங்கள் ஊரில் வண்டி பழுதுக்கு வீண் செலவு செய்தவர் உண்டா? என்ன நடந்தது?

எழுதிப் பழகுங்கள்

1. பொறி, கலவை, அழுத்தம், விரிசல், இழுவை. இந்தச் சொற்களை இரண்டு முறை எழுதுங்கள்.
2. மாமா டெம்போவுக்கு 2,500, கார்புரேட்டருக்கு 4,500, காயிலுக்கு 1,300, மூடிக்கு 450 ரூபாய் கொடுத்தார். மொத்தம் எவ்வளவு?
3. உங்கள் வண்டி, தையல் மெஷின், தண்ணீர் மோட்டார், ஏதாவது ஒன்றுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். நாள், நேரம், என்ன ஆனது என்று ஒரு வாரம் எழுதுங்கள். அடுத்த வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.